வீடு விற்கும் விளம்பரத்தில் எவ்வளவு எழுதணும்?

கேள்வி இது: "மாடம்பாக்கத்தில் அப்பா 1994இல் மனை வாங்கினார். 1998இல் பிளான் அப்ரூவல் வாங்கிக் கீழ்த்தளம் கட்டினார். மாடியை 2009இல் அனுமதி எதுவும் வாங்காமல் எழுப்பினோம். மனைக்கு 2018இல் வரன்முறை ஆணை (அங்கீகாரமில்லாத மனையை முறைப்படுத்தும் ஆணை) வாங்கிவிட்டோம். அப்பா 2019இல் தவறிவிட்டார். அம்மா, நான், தங்கை மூன்று பேர். பட்டா இன்னும் அப்பா பெயரில்தான். இணையத்தில் விளம்பரம் போட்டேன். போன் நிறைய வருகிறது, வந்து பார்க்கிறார்கள், அப்புறம் சத்தமே இல்லை. ஒருவர் அட்வான்ஸ் வரை வந்து, வங்கியில் கேட்டுவிட்டுப் பின்வாங்கிவிட்டார். புரோக்கர் 'குறையெல்லாம் எழுதாதீங்க, ஆள் வந்தால் பேசிக்கலாம்' என்கிறார். எவ்வளவு எழுதுவது?"

அவர் போட்டிருந்த விளம்பரம்: "தாம்பரம் அருகில் 3 பிஎச்கே தனி வீடு. 1200 சதுரடி. நார்த் ஃபேசிங். அப்ரூவ்டு. கிளியர் டாக்குமெண்ட். ஜிஎஸ்டி ரோட்டுக்கு 5 நிமிடம். லோன் கிடைக்கும். விலை நெகோஷியபிள்."

பதில் கொஞ்சம் நீளும். மறுவிற்பனை வீடுகளுக்குப் பத்திரம் பார்த்து, வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவில் உட்கார்ந்து முடித்துக் கொடுப்பது என் தொழில். அதனால் உங்கள் விளம்பரத்தை வாங்க வருகிறவர் எப்படிப் படிப்பார் என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

அதில் பச்சைப் பொய் என்று எதுவும் இல்லை. ஆனால் ஒருவர் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய தகவலும் அதில் இல்லை. இதே எட்டு வாசகங்களை அச்சரப்பாக்கத்திலிருந்து ஆவடி வரை எந்த வீட்டுக்கும் போட்டுவிடலாம். அதனால்தான் போன் நிறைய வருகிறது. வீட்டின்மேல் ஆசைப்பட்டுக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. விளம்பரத்தில் இல்லாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூப்பிடுகிறவர்கள்தான் அதிகம்.

வீட்டைப் பற்றிய எந்த விவரமும் கடைசிவரை மறைந்திருக்காது. போனில் வெளிவரும், இல்லையென்றால் நேரில் வந்து பார்க்கும்போது வரும், அதிலும் தப்பினால் வக்கீல் பத்திரம் படிக்கும்போது, வங்கி மதிப்பீட்டாளர் டேப் பிடிக்கும்போது, கடைசியாகச் சார்பதிவாளர் முன்னால் வரும். போனில் வெளிவந்தால் இரண்டு பேருக்கும் இரண்டு நிமிடம் நஷ்டம், அவ்வளவுதான். வங்கியில் வெளிவந்தால் அவருக்கு லீகல் ஒப்பீனியன் செலவு, பிராசசிங் கட்டணம் எல்லாம் போச்சு. உங்களுக்கோ, 'பேசி முடிச்சாச்சு' என்று மற்றவர்களைத் திருப்பி அனுப்பிய நாட்கள் போச்சு. உங்கள் வீட்டுக்கு நடந்தது இதுதான். ஆகவே எதை எழுதுவது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இந்த விவரம் பின்னால் எந்த மேசையில் வெளிவரும்? வக்கீல், வங்கி, பதிவு அலுவலகம் என்றால் அதை விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள்.

புரோக்கர் சொன்னது அவர் நோக்கில் தப்பில்லை. ஆளை வீடு வரை கூட்டி வருவது அவர் வேலை. ஆனால் சட்டம் வேறு மாதிரி பார்க்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55, விற்கிறவருக்குத் தெரிந்து, வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை சொத்திலோ உரிமையிலோ இருந்தால் அதைச் சொல்லியே ஆகவேண்டும் என்கிறது. சொல்லாமல் விட்டால் அது மோசடிக் கணக்கில் சேரும். விளம்பரத்திலேயே சொல் என்று அது கேட்கவில்லைதான். ஆனால் எப்படியும் சொல்லியாக வேண்டியதை அட்வான்ஸ் வாங்கிய பிறகு சொன்னால் மிச்சம் எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்கள்.

சரி, உங்கள் விளம்பரத்தை வார்த்தை வார்த்தையாகப் பார்ப்போம்.

"1200 சதுரடி" என்றால் எது? மனையா, கட்டடமா? தனி வீட்டு விளம்பரத்தில் பாதிப் போன் இந்தக் கேள்விக்காகத்தான் வரும். உங்கள் மனை 1200, அதாவது அரை கிரவுண்ட். இதைச் சென்னைக்காரர் உடனே பிடித்துக்கொள்வார். மதுரையிலிருந்தோ கோவையிலிருந்தோ வந்து வாங்குகிறவருக்குக் கிரவுண்ட் கணக்குப் பழக்கம் இருக்காது, அவர் சென்ட்டில் யோசிப்பார். கிரவுண்ட் 2400 சதுரடி, சென்ட் 435.6 சதுரடி. ஆகவே சதுரடியோடு "ஏறத்தாழ 2.75 சென்ட்" என்று ஒரு வார்த்தை சேர்த்தால் நல்லது. (தஞ்சாவூர்ப் பக்கம் நிலம் விற்கிறவர்கள் குழி, மா என்று மட்டும் எழுதிவிட்டு, சென்னையிலிருந்து யாரும் கூப்பிடவில்லையே என்று வருத்தப்படுவார்கள். அது வேறு கதை.)

அளவில் இன்னொரு சிக்கல் உண்டு. பத்திரத்தில் ஒரு அளவு, பட்டாவில் ஒரு அளவு, தரையில் ஒரு அளவு. பட்டா ஹெக்டேர், ஏர் (100 சதுர மீட்டர்) கணக்கில் இருக்கும். 1200 சதுரடி என்றால் அது ஏறத்தாழ 111.5 சதுர மீட்டர் காட்ட வேண்டும். பழைய மனைகளில் பக்கத்து வீட்டுக்காரர் சுவர் அரையடி உள்ளே வந்திருக்கும், இல்லை சாலைக்கு ஓரடி போயிருக்கும். விளம்பரம் போடுமுன் நீங்களே ஒரு டேப் எடுத்து நான்கு பக்கமும் அளந்துவிடுங்கள். வடக்கே 30 அடி, தெற்கே 29 அடி 6 அங்குலம் என்று வந்தால் அப்படியே எழுதுங்கள். வங்கி மதிப்பீட்டாளர் இந்த வேலையைத்தான் செய்யப்போகிறார். பத்திரம், பட்டா, தரை மூன்றில் குறைவாக வருகிற அளவைத்தான் அவர் எடுத்துக்கொள்வார். நானாக இருந்தாலும் அதையே செய்வேன். கட்டடப் பரப்பைத் தனியாக, தளம் தளமாக எழுதுங்கள்.

நீங்கள் ஃபிளாட் விற்கவில்லை. ஆனாலும் படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். அடுக்குமாடியில் "1200 சதுரடி" என்பதற்குக் குறைந்தது மூன்று அர்த்தம் உண்டு. சூப்பர் பில்டப் என்றால் படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதையில் உங்கள் பங்கெல்லாம் சேர்ந்தது. பிளிந்த் ஏரியா என்றால் சுவரோடு சேர்த்த வீட்டுப் பரப்பு. கார்ப்பெட் ஏரியாவுக்கு 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவே விளக்கம் கொடுத்திருக்கிறது: வெளிச்சுவர், சர்வீஸ் குழாய்த் தடங்கள், பால்கனி, மொட்டைமாடி நீங்கலாக உள்ளே புழங்கும் பரப்பு; உள் தடுப்புச் சுவர்கள் மட்டும் கணக்கில் சேரும். சூப்பர் பில்டப்பில் 1200 இருக்கிற வீடு கார்ப்பெட்டில் 850 இருந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். இதோடு யுடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்கு எத்தனை சதுரடி என்பதையும் எழுத வேண்டும். 25 வருடப் பழைய ஃபிளாட்டில் விலை நிற்பதே அதில்தான். நாளை இடித்துக் கட்டுவது என்று வந்தால் பேச்சு முழுக்க யுடிஎஸ்ஸைச் சுற்றித்தான் நடக்கும். அதை எழுதாத பழைய ஃபிளாட் விளம்பரத்தை நான் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

"தாம்பரம் அருகில்." 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியானபோது பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், பெருங்களத்தூர், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. ஆகவே அனகாபுத்தூரில் அடையாறு ஓரம் இருக்கிற வீடும் தாம்பரம்தான், உங்கள் வீடும் தாம்பரம்தான். ஊர்ப் பெயரை எழுதுங்கள். பக்கத்தில் உள்ள கோயில், பள்ளி, பஸ் நிறுத்தம் ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். தூரத்தை நிமிடத்தில் எழுதவே எழுதாதீர்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு 5 நிமிடம், திங்கள் ஒன்பது மணிக்குக் கேம்ப் ரோடு சந்திப்பில் நின்றால் அது எத்தனை நிமிடம் என்று அங்கே குடியிருக்கிற உங்களுக்கே தெரியும். மாடம்பாக்கத்திலிருந்து ஜிஎஸ்டி ரோட்டுக்கு (தாம்பரம் வழியே போகும் நெடுஞ்சாலை) 5 நிமிடம் என்று படித்ததும், அந்தப் பக்கம் தெரிந்தவர் சிரித்துவிட்டு அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுவார். ரயில் நிலையம் இத்தனை கிலோமீட்டர், பஸ் நிறுத்தம் இத்தனை மீட்டர் என்று எழுதினால் போதும், நேரத்தை அவரே போட்டுக்கொள்வார்.

இனி வரப்போவதை எழுதுவது இன்னொரு நோய். பரந்தூர் விமான நிலையம் 2022இல் அறிவிக்கப்பட்டதிலிருந்து காஞ்சிபுரம் வட்டாரத்தில் அதைச் சொல்லாத மனை விளம்பரம் குறைவு. வரப்போகிற மெட்ரோ, வரப்போகிற ஐடி பூங்கா எதுவானாலும் இதே கதைதான். இன்றைக்கு இருப்பதை எழுதினால் போதும்.

"நார்த் ஃபேசிங்" விஷயத்தில் சண்டையே நடக்கும். மனைக்கு வடக்கே சாலை இருப்பதைச் சிலர் வடக்குப் பார்த்த வீடு என்பார்கள்; தலைவாசல் வடக்கு நோக்கி இருந்தால்தான் அப்படிச் சொல்லலாம் என்பார்கள் சிலர். கார் நிறுத்த இடம் விட்டு வாசலைக் கிழக்கே திருப்பிய வீடுகள் நிறைய. "சாலை வடக்கில், தலைவாசல் கிழக்குப் பார்த்தது" என்று இரண்டையும் எழுதிவிட்டால் வாஸ்து பார்க்கிறவர் வருவதா வேண்டாமா என்று அங்கேயே முடிவு செய்துகொள்வார். தெருக்குத்து (தெரு நேராக வந்து வீட்டில் முட்டுவது) இருந்தால் அதையும் எழுதுங்கள். அதை நம்பாதவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் வருவார்கள். நம்புகிறவரை அழைத்து வந்து காட்டினால் அவர் உள்ளேகூட வரமாட்டார்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். "அப்ரூவ்டு", "லோன் கிடைக்கும்".

மனை அப்ரூவல் வேறு, கட்டட அப்ரூவல் வேறு. 90களில் புறநகரில் போட்ட மனைப்பிரிவுகள் பெரும்பாலும் அரசின் நகரமைப்புத் துறைகளான சிஎம்டிஏவோ டிடிசிபியோ பார்க்காதவை. பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் போட்ட ஒரு வரைபடத்தைக் காட்டி "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று விற்றார்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கத் தலைவருக்குத் தனியாக அதிகாரம் கிடையாது. இன்றும் அந்த வார்த்தை விளம்பரங்களில் கூசாமல் வருகிறது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்குத் தடை போட்டது. அதன் பிறகு 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20 என்ற தேதி அதில் முக்கியம். அதற்கு முன்பே வீட்டுமனையாகப் பதிவான மனை, அங்கீகாரம் இல்லாவிட்டாலும், மறுபடி பதிவாகும். இதை வைத்துத்தான் பலர் "பிரச்சினையே இல்லை, பதிவாகும்" என்கிறார்கள். பதிவாகும் என்பது ஒன்று. அதன்மேல் கட்டட அனுமதி கிடைக்கும் என்பது இன்னொன்று. வங்கி கடன் தரும் என்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே "அப்ரூவ்டு" என்ற வார்த்தைக்குள் அடைக்கக்கூடாது. உங்களிடம் 2018 வரன்முறை ஆணை இருக்கிறது. அது உங்கள் வீட்டின் பெரிய பலம், அதை விளம்பரத்தில் சொல்லவே இல்லையே! "மனை வரன்முறை செய்யப்பட்டது, ஆணை 2018" என்று முதல் மூன்று வரிக்குள் வரவேண்டும்.

பலவீனம் மாடி. கீழ்த்தளத்துக்கு அனுமதி இருக்கிறது, மாடிக்கு இல்லை. அனுமதியில்லாத கட்டடங்களுக்கென்று அரசு கொண்டுவந்த வரன்முறை 2007 ஜூலை 1க்கு முன்பு கட்டியவற்றுக்குத்தான். நீங்கள் கட்டியது 2009. ஆகவே அந்த வழியும் இல்லை. வங்கி மதிப்பீட்டாளர் கையில் அனுமதி வரைபடத்தோடு வருவார், மாடியைப் பார்ப்பார், மனைக்கும் கீழ்த்தளத்துக்கும் மட்டும் மதிப்புப் போட்டுவிட்டுப் போய்விடுவார். சில வங்கிகள் கோப்பையே திருப்பிவிடும். உங்கள் ஆள் பின்வாங்கியது அநேகமாக இதனால்தான் இருக்கும். அவர் முழு விலையை வைத்துக் கடன் கணக்குப் போட்டிருப்பார். வங்கி சொன்ன தொகைக்கும் விலைக்கும் நடுவே பெரிய பள்ளம் விழுந்திருக்கும்.

இதை விளம்பரத்தில் எழுதினால் யார் வருவார்? கையில் பாதிப் பணம் வைத்திருக்கிறவர் வருவார். பழைய வீட்டை விற்ற பணத்தோடு வருகிறவர், ஓய்வுப் பணம் வைத்திருக்கிறவர், கொஞ்ச நாளில் இடித்துக் கட்டலாம் என்று மனைக்காக வாங்குகிறவர் எல்லாருக்கும் மாடியின் அனுமதி பெரிய விஷயமில்லை. விலையின் பெரும்பகுதியைக் கடனில் வாங்க நினைக்கிறவர் வரமாட்டார். அவர் வராமலிருப்பதுதான் உங்களுக்கும் நல்லது.

"கிளியர் டாக்குமெண்ட்" என்ற வார்த்தை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. வில்லங்கம் உள்ள சொத்துக்கும் அதையேதான் போடுகிறார்கள். அதற்குப் பதில் நான்கு விஷயம் சொல்லுங்கள்: சொத்து யாருக்கு எப்படி வந்தது, இப்போது கையெழுத்துப் போடப்போவது யார் யார், பட்டா யார் பெயரில், கடன் ஏதும் நிற்கிறதா. உங்களுக்கு: 1994 கிரயப் பத்திரம் தந்தை பெயரில், தந்தை காலமாகிவிட்டார், வாரிசுகள் மூன்று பேரும் கையெழுத்திடத் தயார், மூலப்பத்திரம் அசல் கையில் இருக்கிறது. இவ்வளவு எழுதினால் வக்கீல் கேட்கும் முதல் கேள்விகளுக்குப் பதில் வந்துவிட்டது.

இங்கே ஒன்று கேட்கிறேன். அப்பா இறந்தபோது அவருடைய அம்மா, உங்கள் பாட்டி, உயிரோடு இருந்தாரா? உயில் எழுதாமல் இறந்தவருக்கு, இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 பொருந்துகிற குடும்பத்தில், மனைவி, பிள்ளைகளோடு பெற்ற தாயும் முதல் வகுப்பு வாரிசு. பலர் இதை மறந்துவிடுவார்கள். 2019இல் பாட்டி இருந்திருந்தால் பங்கு மூன்று அல்ல, நான்கு. அவரும் இப்போது இல்லையென்றால் அந்தப் பங்கு உங்கள் சித்தப்பா, அத்தை பக்கமும் போயிருக்கும். அவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தரவேண்டியிருக்கலாம். இதை வீட்டில் விசாரித்து முடிக்காமல் "வாரிசுகள் மூன்று பேர்" என்று எழுதிவிடாதீர்கள். தங்கைக்கும் விளம்பரத்தை ஒருமுறை படித்துக் காட்டுங்கள். விலை உட்பட எல்லாவற்றுக்கும் அவர் சம்மதம் வேண்டும். அட்வான்ஸ் வாங்கிய பிறகு "அண்ணா, எனக்கு இந்த விலை சரிப்படலை" என்று அவர் சொன்னால் நியாயம் அவர் பக்கம்தான்.

கடனைப் பற்றியும் ஒன்று. வீட்டின்மேல் வங்கியில் கடன் வாங்கியிருந்தால் எப்போதோ அடைத்திருப்பீர்கள். ஆனால் அசல் பத்திரத்தை அடமானம் வைத்ததற்கான பதிவு வில்லங்கச் சான்றிதழில் அப்படியே நிற்கும், அது தீர்ந்ததற்கான ரசீதைப் பதிவு செய்யும்வரை. பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் சொத்துக்கு நீங்களே ஈசி (அதாவது வில்லங்கச் சான்றிதழ்) போட்டுப் பாருங்கள். பழைய பதிவு ஏதாவது நின்றால் முதலில் வங்கியில் போய் அதை முடியுங்கள். வாங்க வருகிறவர் அட்வான்ஸ் தருவதற்கு முன்பே ஈசி பார்த்துவிடுகிற காலம் இது.

எல்லாவற்றையும் எழுது என்று சொல்லிவிட்டு, எதை எழுதக்கூடாது என்றும் சொல்ல வேண்டும். சர்வே எண், கதவு எண், பத்திர எண் இவற்றைப் பொதுவில் போடாதீர்கள். பத்திரத்தின் படம், பட்டா நகல், ஆதார் எதையும் இணையத்தில் ஏற்றவே ஏற்றாதீர்கள். ஆள்மாறாட்டம் செய்து போலிப் பத்திரம் போடுகிறவர்களுக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கும். பூட்டியிருக்கும் வீடு, வயதான அம்மா பெயர் என்றால் இன்னும் ஜாக்கிரதை. நேரில் வந்து பார்த்து, ஆர்வமாக இருக்கிறார் என்று தெரிந்த பிறகு நகல் கொடுங்கள். நகலின் குறுக்கே "பார்வைக்கு மட்டும்" என்று எழுதி, தேதியும் வாங்குகிறவர் பெயரும் போட்டுக் கொடுங்கள். "அவசர விற்பனை" என்றும் எழுதாதீர்கள். அவசரம் உண்மையாகவே இருந்தாலும் அதை எழுதினால் விலையில் பத்து சதவீதத்தை நீங்களாகவே வெட்டிக்கொண்ட மாதிரி.

தண்ணீரும் மழையும். தென்சென்னைப் புறநகரில் இதைக் கேட்காமல் யாரும் வாங்குவதில்லை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தெருவில் எவ்வளவு நின்றது, வீட்டுக்குள் வந்ததா? நீங்கள் சொல்லாவிட்டால் தெருமுனை இஸ்திரிக்காரர் சொல்லிவிடுவார், அதுவும் கொஞ்சம் கூட்டியே. "2015இல் தெருவில் முழங்கால் அளவு, வீட்டுக்குள் வரவில்லை" என்பது உண்மையென்றால், அது குறையே அல்ல, விற்கிற வரி அது. சாலையை மேல் மேல் போட்டு உயர்த்தியதில் வாசல் பள்ளமாகிவிட்ட வீடுகள் அந்தப் பக்கம் நிறைய. உங்களுடையது சாலையிலிருந்து எத்தனை அடி உயரம் என்று எழுதுங்கள். போர் எத்தனை அடி, மே மாதம் தண்ணீர் இருக்கிறதா, குடிக்கிற தரமா, புழங்க மட்டுமா, பாதாளச் சாக்கடை இணைப்பா, செப்டிக் டேங்கா. இதெல்லாம் ஒரு வரியில் முடியும்.

சாலை அகலம் பத்திரத்தில் ஒன்று இருக்கும், தரையில் ஒன்று இருக்கும். "20 அடி" என்று பத்திரம் சொன்னாலும் எதிர்வீட்டுப் படிக்கட்டு மூன்றடி வெளியே நீண்டிருந்தால் கார் திரும்பாது. உங்கள் கேட்டுக்குள் என்ன கார் நுழைகிறது என்பதே உண்மையான அளவு.

விலையில் "நெகோஷியபிள்" மட்டும் எழுதினால் நூறு பேர் "லாஸ்ட் எவ்வளவு?" என்று கேட்பார்கள். தொகையைப் போடுங்கள். பேரத்துக்கு இடம் உண்டு என்று வேண்டுமானால் பக்கத்தில் எழுதுங்கள். பத்திரச் செலவு வாங்குகிறவருடையது என்பது வழக்கம். கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் போகும், அதையும் அவர் கூட்டித்தான் பார்ப்பார். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் அவர் 1 சதவீதம் வரி பிடித்தம் செய்துவிட்டுத்தான் உங்களுக்குத் தருவார். பாதியைப் பத்திரத்தில் காட்டி மீதியை ரொக்கமாக வாங்கலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடமுண்டு. "முழுத் தொகையும் வங்கி வழியாக" என்று விளம்பரத்திலேயே எழுதுங்கள். கடன் வாங்கி வருகிறவர்களுக்கு அதைப் படித்ததும் நிம்மதி.

இதெல்லாம் தனி ஆள் விற்கிற வீட்டுக்கு. புது மனைப்பிரிவோ அடுக்குமாடியோ போடுகிற கம்பெனிகளுக்குச் சட்டமே இன்னும் கடுமை. 500 சதுர மீட்டருக்கு மேல் நிலம், அல்லது 8 வீடுகளுக்கு மேல் என்றால் ரெரா பதிவு இல்லாமல் விளம்பரமே போடக்கூடாது; விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் தெளிவாகத் தெரிய வேண்டும். விளம்பரத்தில் சொன்னதை நம்பிப் பணம் கட்டியவர் அது பொய் என்று தெரிந்து நஷ்டப்பட்டால் இழப்பீடு கேட்கலாம், விலகினால் வட்டியோடு பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். பிட் நோட்டீஸ், பேனர், வாட்ஸ்அப் செய்தி எல்லாம் இதில் அடங்கும். பழைய வீட்டை விற்கிற உங்களுக்கு இது பொருந்தாது. ஆனால் நீங்கள் அடுத்து வாங்கப்போவது புது ஃபிளாட் என்றால் அந்த நோட்டீஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

புகைப்படம் பகலில், ஜன்னல் திறந்து, சாதாரண லென்சில் எடுங்கள். அகலக் கோணத்தில் எடுத்த பத்துக்குப் பத்து அறை கல்யாண மண்டபம் மாதிரி தெரியும். நேரில் வந்தவர் முகம் வாடிவிடும். தெருவின் படம் இரண்டு பக்கமும் வேண்டும். ஒழுகிய சுவர் இருந்தால் பெயின்ட் அடித்து மறைக்காமல், சரிசெய்யக் கொத்தனாரிடம் ஒரு மதிப்பீடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விளம்பரம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம். அளவுகளும் விலையும் நான் மாதிரிக்குப் போட்டவை, உங்களுடையதை நிரப்பிக்கொள்ளுங்கள்:

"மாடம்பாக்கத்தில் தனி வீடு விற்பனைக்கு, உரிமையாளர் நேரடியாக. மனை 1200 சதுரடி (30 x 40, ஏறத்தாழ 2.75 சென்ட்). மனை வரன்முறை ஆணை 2018. கீழ்த்தளம் 820 சதுரடி, 1998இல் அனுமதியுடன் கட்டியது: 2 படுக்கையறை. மாடி 640 சதுரடி, 2009இல் கட்டியது, அனுமதி இல்லை: 1 படுக்கையறை. சாலை வடக்கில், தரையில் 20 அடி, தலைவாசல் கிழக்கு. ஒரு கார் உள்ளே நிற்கும். போர் 180 அடி, புழங்க மட்டும். செப்டிக் டேங்க். வீடு சாலையிலிருந்து 2 அடி உயரம். 2015இலும் 2023இலும் தெருவில் தண்ணீர் நின்றது, உள்ளே வரவில்லை. பஸ் நிறுத்தம் 600 மீட்டர், தாம்பரம் ரயில் நிலையம் 6 கி.மீ. பத்திரம் 1994, தந்தை பெயரில், காலமாகிவிட்டார், வாரிசுகள் மூவரும் கையெழுத்திடுவோம். அசல் மூலப்பத்திரம் கையில் உள்ளது. பட்டா பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்துள்ளோம். கடன் நிலுவை இல்லை. மாடிக்கு அனுமதி இல்லாததால் வங்கிக் கடன் முழு விலைக்கும் கிடைக்காமல் போகலாம். விலை 98 லட்சம், பேசிக்கொள்ளலாம், முழுத் தொகையும் வங்கி வழியாக. மாலை 5 மணிக்கு மேல் கூப்பிடவும்."

"3 பிஎச்கே" என்பதை எடுத்துவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். மாடி அறையையும் சேர்த்து மூன்று என்று எண்ணியதால்தான், ஒரே தளத்தில் மூன்று அறை தேடியவர்களெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

புரோக்கர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் எல்லாருக்கும் இதே வாசகம், இதே விலை என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். கமிஷன் எவ்வளவு, யார் தருவது என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஒரே வீடு நாலு பேர் பெயரில் 85, 92, 98, 105 லட்சம் என்று கிடந்தால் வாங்குகிறவர் 85இலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார். அட்வான்ஸ் வாங்கியதும் எல்லா இடத்திலும் விளம்பரத்தை எடுக்கச் சொல்லுங்கள்.

வரிசை இதுதான்: முதலில் பாட்டி விஷயத்தைத் தெளிவாக்கி வாரிசுச் சான்றிதழைச் சரிபாருங்கள், அப்புறம் ஈசி, அப்புறம் பட்டா பெயர் மாற்றத்துக்கு மனு. மனு கொடுத்த அன்றே புது விளம்பரத்தைப் போட்டுவிடலாம், அதற்காகக் காத்திருக்க வேண்டாம். பட்டா உங்கள் பெயர்களுக்கு மாறி வந்ததும் அந்த ஒரு வரியை மட்டும் திருத்துங்கள்.